அம்பாள் உடுத்த கேர்ட்டின் பாவாடை

வேலையால் வந்து கதவைத் திறந்தால் வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து. கறுப்பு. அடி மட்டும் முக்கால் சாண் மொத்தம் இருக்கும். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், கொங்கிறீட் கல்லுப் பாரம். குளியலறைக் குழாய் ஒழுகுது என்று எத்தனை தரம் சொன்னது, கடைசியில் ஆள் அனுப்பிவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே இருந்தது குழாய் திருத்துகிற ஆள் இல்லை. மகளின் வயதில் ஒரு யப்பான் பிள்ளை, நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து உழுந்துவடை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் எழும்பி, வடைக்கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, இடுப்பு வரைக்கும் குனிந்து கும்பிட்டது. நானும் குனிந்தேன். அது திரும்பவும் குனிந்தது. மகள் வந்து "போதும் அப்பா" என்று சொல்லியிருக்காவிட்டால் இரண்டு பேரும் இன்றைக்கும் குனிந்துகொண்டு நின்றிருப்போம்.

என் மனுசிக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது. "பாத்தீங்களே, சப்பாத்தைக் கழட்டி வாசலைப் பாக்கத் திருப்பி வைச்சிருக்கிற வடிவை. எங்கட மகாராணி கழட்டினா ஒண்டு வாசலில கிடக்கும், மற்றது குசினியில கிடக்கும்."

தொண்ணூறுகளின் கடைசிக் காலம் அது. இந்தப் பனி நாட்டுக்கு வந்து, வெக்ஸ்போர்ட் என்கிற பகுதியில், ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். ஜன்னல் கேர்ட்டின் தைக்கிற பக்டரியில் துணி வெட்டுவது என் வேலை. மனுசி வீட்டில் மெசின் போட்டுச் சேலைக்கு பிளவுஸ் தைத்துக் கொடுப்பாள். பிள்ளை ஒன்றுதான், பதினாறு வயது. இந்த யப்பான் பிள்ளை அவளோடு ஒரே வகுப்பில் படித்தது. தகப்பனைக் கொம்பனி இரண்டு வருஷத்துக்கு இங்கே அனுப்பியிருந்ததாம்.

அந்தப் பிள்ளை ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தது. டோக்கியோவில் இருந்து மச்சாள் அனுப்புகிறதாம். கதை, கட்டுரை ஒன்றும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் இளந்தாரிகளும் பெட்டைகளும் தெருவில் நிற்கிற படம். ஒருத்தியின் தலையில் ஐம்பது அறுபது கிளிப், கழுத்தில் பொம்மைகள், கையில் முழங்கை வரைக்கும் வளையல். இன்னொருத்தி கறுப்புச் சட்டையும் வெள்ளை லேசும் போட்டு, பழைய காலத்து வெள்ளைக்கார ராணியின் பேத்தி மாதிரிக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"உவையளுக்குத் தாய் தேப்பன் இல்லையோ?" என்று கேட்டேன்.

மகள் அதை இங்கிலீசில் சொல்ல, அந்தப் பிள்ளை சிரித்துச் சிரித்து ஏதோ சொன்னது.

"இருக்கினமாம் அப்பா. ஆனா அவைக்குத் தெரியாதாம். வீட்டில இருந்து ஓர்டினரி உடுப்போட வெளிக்கிட்டு, ஸ்ரேசன் வாஷ்ரூமில மாத்திக்கொண்டு போறதாம். திரும்பி வரேக்க பழையபடி மாத்துறதாம்."

மனுசி "அடி கள்ளி" என்று அந்தப் பிள்ளையின் கன்னத்தில் செல்லமாகக் கிள்ளினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்று அப்போது ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் விடிய எழும்பிக் குளித்து, சுவாமி கும்பிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவன். பக்டரிக்கு இரண்டு ஸ்ரொப்புக்கு முன்னால் பஸ்ஸில் இருந்தபடியே லேஞ்சியால் அதை அழித்துவிடுவேன். அழி என்று ஒருவரும் சொன்னதில்லை. நானாகத்தான் அழித்தேன். பின்னேரம் வரும்போது, பேர்ஸில் மடித்து வைத்திருக்கிற பொட்டலத்தில் இருந்து எடுத்துத் திரும்பப் பூசிக்கொள்வேன். ஆறு வருஷமாக இதுதான் நடந்தது. வாஷ்ரூமில் உடுப்பு மாற்றுகிற பிள்ளையைப் பார்த்து நான் எந்த வாயால் சிரிப்பது?

அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் எனக்கே ஒரு பிடிப்பு வந்துவிட்டது. தேத்தண்ணியோடு இருந்து பார்ப்பேன். மகள் விளங்கப்படுத்துவாள். லேஸ்காரர் ஒரு கூட்டம், கிளிப்காரர் ஒரு கூட்டம். இன்னொரு கூட்டம் முகத்தை நல்லாகக் கறுக்க வைத்து, உதட்டுக்கு வெள்ளை பூசுமாம். எங்கள் சனம் வெள்ளையாக வர வேண்டுமென்று முகத்தில் கிறீம் தேய்க்க, அங்கே கறுக்க வேண்டுமென்று விளக்குக்குக் கீழே படுக்கிறார்களாம்! ஒரு கூட்டத்தின் சப்பாத்தை மற்றக் கூட்டத்தின் சட்டையோடு போட்டால் சரியில்லையாம். மதிக்கமாட்டார்களாம்.

"இது ஸ்ரைல் இல்லைப் பிள்ளை, இது சமயம்," என்றேன். "நாங்கள் குறுக்காலை பூசுறம், அவை நெடுக்காலை நாமம் இழுக்கினம். ஒருத்தன்ர நெத்தியைப் பாத்தே ஆள் எந்தக் கோயிலெண்டு சொல்லலாம். உதுவும் அப்பிடித்தான்."

"எக்ஸாக்ட்லி அப்பா!" என்று மகள் துள்ளினாள். அப்படித் துள்ளினபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஓகஸ்ட் மாதம், பக்டரியில் கழித்துவிடுகிற லேஸ் துண்டு இருந்தால் கொண்டு வரச் சொன்னாள். பள்ளிக்கூட வேலைக்காக்கும் என்று நினைத்து, வெள்ளை லேஸும் வலைத்துணியும் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தேன். தாய் கடைக்குப் போகிற நேரம் பார்த்துத் தாயின் மெசினில் இருந்து தைத்திருக்கிறாள். மூன்று அடுக்குப் பாவாடை, உள்ளுக்கு விறைப்பாக வலை, அடுக்குக்கு அடுக்கு கறுப்பு ரிபன். தலைக்கும் ஒரு லேஸ் பட்டி. என் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த மடிப்பும் சுருக்கும் பார்த்தால் எங்கள் பக்டரியில் இருபது வருஷம் தைத்தவர்களும் வாய் திறப்பார்கள்.

மனுசியும் ஒக்டோபரில் அதைக் கண்டுபிடித்து வாய் திறந்தாள். ஆனால் அது வேறு மாதிரி.

"இதென்னடி? ஜன்னலுக்குப் போடுறதை இடுப்பில போடப் போறியோ? தாய் ஊருக்கெல்லாம் தைக்கிறா, மகள் உடுக்கத் துணியில்லாமல் கேர்ட்டினைச் சுத்திக்கொண்டு திரியுதெண்டு இந்த பில்டிங் முழுக்கக் கதைக்கோணுமோ?"

"அம்மா, வார சனிக்கிழமை ஒரே ஒரு நாள். அவள் அடுத்த கிழமை ஜப்பானுக்குத் திரும்பிப் போறாள், ஃபோர் எவர். நாங்கள் இரண்டு பேரும் வகுப்பில இன்னும் இரண்டு பேரும் டவுன்டவுனில நிண்டு ஒரு ஃபோட்டோ எடுக்கோணும். அவ்வளவுதான்."

"போ. நல்ல சுடிதார் இருக்கு, போட்டுக்கொண்டு போ."

"தட்ஸ் நொட் த பொயின்ட்!"

"பொயின்ரும் இல்லை, ஒண்டும் இல்லை. சனிக்கிழமைக்கு முதல் உது சூட்டுக்குள்ள போகும்."

எங்கள் மாடியில் எலிவேட்டருக்குப் பக்கத்தில் குப்பை போடுகிற துவாரம் இருக்கிறது, அதுதான் சூட். மூடியைத் திறந்து போட்டால் ஒன்பது மாடி இறங்கிக் கீழே போய்விடும். என் மனுசி சும்மா வெருட்டுகிறவள் இல்லை. நான் ஆசையாகச் சேர்த்த பழைய றேடியோ ஒன்று அந்த வழியால் போயிருக்கிறது.

வியாழக்கிழமை பின்னேரம் மனுசி உடுப்புத் தோய்க்கக் கீழே லோன்றிக்குப் போன நேரம், மகள் பாவாடையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அப்பா, ஒளிச்சு வையுங்கோ. ப்ளீஸ். இரண்டே இரண்டு நாள்."

எங்கே ஒளிப்பது? இரண்டு அறை வீடு. மனுசி அரிசி வாளிக்குள்ளும் கை விட்டுப் பார்க்கிறவள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அது நவராத்திரிக் காலம். வெள்ளிக்கிழமை கோயிலில் எங்கள் உபயம், அன்றைய பூசைச் செலவு எங்களுடையது. அன்றைக்கு அம்பாளுக்குச் சாத்துகிற சேலையும் மற்றத் துணிகளும் உபயகாரர் கொடுக்க வேண்டும். நான் தலை தோய்ந்து, ஈர வேட்டியோடு நின்று, அவற்றை ஒரு புதுப் பையில் வைத்து, மஞ்சள் நூலால் கட்டி, சுவாமி அலுமாரியில் வைத்திருந்தேன். அம்பாளுக்கென்று கட்டின பையை என் மனுசி அவிழ்க்கமாட்டாள். எங்கள் வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

ஆனால் ஒரு பயம். "பிள்ளை, உண்மை சொல்லோணும். உதை ஒருக்காவேனும் உடுத்தனியோ?"

"இல்லை."

"போட்டுக்கூடப் பாக்கேல்லையோ?"

"புத்தம் புதுசு அப்பா. சனிக்கிழமைக்கெண்டு வைச்சிருக்கிறன்."

புதுத்துணி, உடுக்காத துணி. ஒரு ராத்திரி அம்பாளின் சேலைக்குப் பக்கத்தில் இருந்தால் குற்றமில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொன்னேன். நூலை அவிழ்த்து, பாவாடையையும் தலைப் பட்டியையும் அடியில் வைத்து, திரும்பக் கட்டினேன். வெள்ளி பின்னேரம் வேலையால் வந்து குளித்துவிட்டு அதை வெளியே எடுப்பது, பிறகு பையைக் கோயிலுக்குக் கொண்டுபோவது. இதுதான் திட்டம்.

வெள்ளி பின்னேரம் வந்து அலுமாரியைத் திறந்தால் பை இல்லை.

குசினி மேசையில் மனுசி எழுதி வைத்த துண்டு: "மூன்றாம் மாடி அன்ரி வானில் போறா. கடலையும் பையும் கொண்டு போறம். பிள்ளையும் வாறாள். நீங்கள் பஸ்ஸில வாங்கோ."

எப்படிக் குளித்தேன், எப்படி வேட்டி கட்டினேன் என்று நினைவில்லை. பஸ்ஸில் இருந்து அம்பாளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: தாயே, பூசை செய்கிற ஐயா பையைத் திறக்க முதல் என்னைக் கொண்டுபோய்ச் சேர். அம்பாளுக்கு அன்றைக்கு வேறு எண்ணம். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் பஸ் நின்றது.

எங்கள் கோயில் அப்போது கார் திருத்துகிற கராஜுக்கும் ஓட்டுக் கடைக்கும் நடுவில் ஒரு பண்டகசாலைக்குள் இருந்தது. நான் ஓடிப்போய் உள்ளே நுழைய, திரை மூடியிருந்தது. திரைக்குப் பின்னால் ஐயா சாத்துப்படி செய்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் உள்ளே போகக் கூடாது. கூப்பிடவும் கூடாது. மகள் தூணடியில் நின்றாள். அவளுக்குக் கையைக் காட்டினேன், பை எங்கே என்று. அவள் திரையைக் காட்டினாள். காட்டிவிட்டுத் தூணுக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டாள்.

மணி அடித்தது. திரை விலகியது.

முருகா! சிவப்புப் பட்டு முழங்கால் அளவுக்கு வர, அதற்குக் கீழே மூன்று அடுக்கு வெள்ளை லேஸ், கறுப்பு ரிபனோடு, பூ விரிந்த மாதிரிச் சுற்றிவரப் பரந்து நின்றது. கிரீடத்துக்கு முன்னால் லேஸ் பட்டி. வேறு நாட்களில் ஐயா சேலைக்குள்ளே பேப்பரும் துவாயும் திணித்து விறைப்பாக்குகிறவர். அன்றைக்குத் தேவையே இருக்கவில்லை. டோக்கியோவில் அந்தத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அம்பாளை அந்தப் புத்தகக்காரர் முழுப் பக்கத்தில் போட்டிருப்பார்கள்.

சனம் எட்டி எட்டிப் பார்த்தது. பிறகு மூன்றாம் மாடி அன்ரி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, "அம்மாளாச்சி! என்ன வடிவு, என்ன வடிவு!" என்று கத்தினா. உடனே எல்லோரும் அரோகரா.

என் மனுசி அம்பாளைப் பார்த்தாள். லேஸைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு மிகவும் பக்தியாக நின்றேன்.

அன்ரி விடவில்லை. "தங்கச்சி, உந்தப் பாவாடை இந்தியாவில எடுப்பிச்சனீங்களோ?" சுற்றி நின்ற பத்துப் பேரும் மனுசியின் வாயைப் பார்த்தார்கள்.

மனுசி ஒரு தரம் மூச்சு இழுத்தாள். "இல்லை அன்ரி," என்றாள். "என்ர மகள் தைச்சவ."

"இந்தக் காலத்தில இப்பிடி ஒரு பிள்ளையோ! நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்."

"ஓம்," என்றாள் மனுசி, பல்லைக் கடித்துக்கொண்டு. "குடுத்துத்தான் வைச்சனாங்கள்."

பூசை முடிந்து எல்லோரும் கடலைக்கு வரிசையில் நிற்க, ஐயா எங்களைக் கூப்பிட்டார். எங்கள் கோயிலில், சாத்தின துணி உபயகாரருக்கே பிரசாதமாகத் திரும்பி வரும். சேலையையும் பாவாடையையும் மடித்து, மேலே மாலை வைத்து, குங்குமம் போட்டு நீட்டினார். "உள்ளுக்கு விறைப்பா ஒண்டு வேணுமெண்டு நான் எத்தினை நாளாத் தவிச்சனான் அண்ணை. ஆர் பிள்ளை தைச்சது, நீரோ? அடுத்த வருஷமும் தாரும் என்ன."

மகள் தலையை ஆட்டினாள். மனுசி கேட்டாள்: "ஐயா, இதை என்ன செய்யிறது? சேலை எண்டா நான் கட்டலாம். இது…" அவள் குரலில் உண்மையான கலக்கம் இருந்தது. அம்பாள் உடுத்ததைக் குப்பைத் துவாரத்தில் போடுகிறவள் இல்லை அவள். அலுமாரியில் பூட்டி வைப்பதும் சரியா என்று தெரியவில்லை.

"பிரசாதத்தை வைச்சுப் பாக்கிறதோ? நவராத்திரியில கன்னிப்பிள்ளையையும் அம்பாளா வைச்சுத்தானே பூசை செய்யிறம். பிள்ளை உடுக்கட்டும்."

வானில் திரும்பும்போது முன்னுக்கு இருந்த அன்ரி பாவாடையின் புகழ் பாடிக்கொண்டே வந்தா. மனுசி என் காதுக்குள் சொன்னாள்: "நாளைக்கு நீங்களும் அவளோட போறீங்கள். அம்பாளின்ர துணி தெருவில தனியாப் போகாது."

சனிக்கிழமை காலைப் பூசை முடிந்த கையோடு, வேட்டி, சால்வை, அதற்கு மேலே குளிர் ஜக்கெற், கீழே காலுறையும் சப்பாத்துமாக நான் மகளோடு சப்வே ஏறினேன். அவள் பாவாடையோடு இரண்டு சீற்றில் இருந்தாள். எதிர்ப்பக்கத்துச் சனம் அவளைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது, பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா, உங்களைத்தான் எல்லாரும் பாக்கினம்," என்றாள் பொறாமையோடு.

குயின் தெருவில் மற்ற மூன்று பேரும் நின்றார்கள். அந்த யப்பான் பிள்ளை என்னைக் கண்டு குனியக்கூட மறந்துவிட்டது. வேட்டியின் மடிப்பைப் பார்த்தது, சால்வையைப் பார்த்தது, நெற்றியைக் காட்டி மகளிடம் ஏதோ கேட்டது.

"இது எந்த ஸ்ரைல் எண்டு கேக்கிறாள் அப்பா. ஜக்கெற்றோட சேர்த்தது ஜீனியஸாம்."

"சைவம் எண்டு சொல்லு," என்றேன்.

சிவந்த இலை கொட்டுகிற மரத்துக்குக் கீழே நாலு பேரும் நின்று படம் எடுத்தார்கள். பிறகு என்னையும் நடுவில் இழுத்து நிறுத்தினார்கள். வழியில் போன ஒரு வெள்ளைக்காரன் நின்று, நீங்கள் எல்லாரும் ஒரு பாட்டுக் கோஷ்டியோ என்று கேட்டான். மகள் யோசிக்காமல் ஓம் என்றாள். பிரியும்போது இரண்டு பிள்ளைகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். லேஸும் லேஸும் சிக்கிக்கொண்டது. நான் இருந்து ரிபனை ரிபனாகக் கழற்றிவிட வேண்டியிருந்தது. அதற்குள் அழுகை சிரிப்பாகிவிட்டது.

திங்கட்கிழமை பஸ்ஸில் லேஞ்சியைக் கையில் எடுத்தேன். திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தேன். பக்டரியில் பக்கத்து மேசைக்காரன் என் நெற்றியைப் பார்த்து அது என்ன என்றான். "ஸ்ரைல்," என்றேன். "நல்லாயிருக்கு," என்றான். ஆறு வருஷமாக நான் பயந்த விஷயம் அவ்வளவுதான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. கார்த்திகை கழிந்து பனி கொட்டத் தொடங்கின பிறகு யப்பானில் இருந்து ஒரு கடிதம் வந்தது. மகள் பள்ளிக்கூடத்தால் இன்னும் வரவில்லை. உறை கிழிந்திருந்ததால் படங்கள் என் கையில் கொட்டுண்டன. குயின் தெருப் படம் ஒன்று. கோஷ்டித் தலைவராக நான் நிற்கிற படம் ஒன்று. மூன்றாவது படத்தில், பள்ளிக்கூட மைதானத்தில், அந்தப் பாவாடையைப் போட்டுக்கொண்டு என் மகள் துள்ளுகிறாள். பின்னால் நிற்கிற மரங்கள் பச்சைப் பசேலென்று இருந்தன.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் பிடித்துப் பார்த்தேன். ஐயா போட்ட குங்குமம் கீழ் அடுக்கில் கறையாகப் பிடித்திருந்தது. குயின் தெருப் படத்தில் அது தெரிகிறது. மைதானப் படத்தில் லேஸ் பால் வெள்ளை.

புத்தம் புதுசாம்!

உடுத்த துணியை, உடுத்து மைதானத்தில் துள்ளின துணியை, அம்பாளுக்குச் சாத்தியிருக்கிறோம். சாத்தினது ஐயா, கொடுத்தது நான், பொய் சொன்னது அவள். குற்றத்தை எப்படிப் பங்கு போடுவது என்று தெரியாமல் கனநேரம் சுவாமி அலுமாரியில் இருக்கிற அம்பாள் படத்துக்கு முன்னால் நின்றேன். அம்பாள் அன்றைக்கு எவ்வளவு வடிவாக இருந்தாள் என்பதும் நினைவுக்கு வந்து தொலைத்தது. மைதானப் படத்தை அம்பாளின் சட்டத்துக்குப் பின்னால் செருகினேன். மற்ற இரண்டையும் மகளின் மேசையில் வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை தொடங்கி, ஒரு வருஷத்துக்கு வெள்ளி விரதம் என்று நேர்ந்துகொண்டேன்.

"இதென்ன புது விரதம்?" என்றாள் மனுசி.

"முழங்கால் நோவுக்கு," என்றேன்.

இரண்டாம் வெள்ளி மகள் ஏதோ யோசனையோடு என்னைப் பார்த்தாள். கடிதத்தில் மூன்று படம் என்று எழுதியிருந்திருக்க வேண்டும். அடுத்த நாள் சுவாமி அலுமாரியைத் துடைக்கிறேன் என்று தானாகக் கேட்டுத் துடைத்தாள். பிறந்ததில் இருந்து அவள் துடைத்ததில்லை. துடைத்துவிட்டு வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு சட்டத்துக்குப் பின்னால் பார்த்தேன், மைதானப் படம் தலைகீழாகச் செருகியிருந்தது.

மூன்றாம் வெள்ளி காலை மனுசி அவளுக்குப் பாண் வாட்டிக்கொண்டு வந்து வைத்தாள்.

"எனக்கு இண்டைக்கு வேண்டாம் அம்மா," என்றாள் மகள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "நானும் விரதம். ஒரு வருஷத்துக்கு."

மனுசி பாண் தட்டத்தோடு நின்று அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உனக்கென்னடி? உனக்கும் முழங்காலோ?"